ஜூன் மாதத்துப் பணம்

திருச்சிராப்பள்ளி மாநகரில் பாலக்கரையை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்தால், டவுன் பஸ் ஒன்றிலோ இரண்டிலோ ஏறி இறங்கிச் சேரக்கூடிய தூரத்துக்குள், தமிழ்நாட்டின் மிகச் சில நகரங்களிலேயே காணக்கூடிய நெருக்கத்தில் கலாசாலைகள் அமைந்திருப்பதைக் காணலாம். 1844-ல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையாரால் தொடங்கப்பெற்று 1883-ல் இந்நகருக்குக் குடிபெயர்ந்த தூய வளனார் கல்லூரி தெப்பக்குளத்தை அடுத்து நிற்கிறது. பெண்களுக்கென 1923-ல் தோன்றிய ஹோலி கிராஸ் கல்லூரி அதற்கு அண்மையிலேயே இருக்கிறது. 1919-ல் பிறந்த நேஷனல் கல்லூரி, 1951-ல் ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் நிறுவிய ஜமால் முகமது கல்லூரி, அதே ஆண்டில் தொடங்கிய சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரி, புத்தூரில் பிஷப் ஹீபர் கல்லூரி, காட்டூர்ப் பக்கம் உருமு தனலட்சுமி கல்லூரி, பெரியார் நிலமும் நிதியும் உதவ 1965-ல் தோன்றி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கும் அரசுக் கல்லூரி என்று அந்த வரிசை நீள்கிறது. எனவே பாலக்கரைக் குடும்பமொன்று தன் பிள்ளையைப் பட்டப்படிப்பில் சேர்க்க நினைக்கும்போது, துறையூர் மலையடிவாரத்துக் குடும்பத்தை முதலிலேயே தளர்த்திவிடும் விடுதிச் செலவு என்னும் பெருஞ்சுமை அதற்கு இல்லை. பிள்ளை வீட்டிலேயே உண்டு, வீட்டிலேயே உறங்கி, காலையில் பஸ் ஏறிவிடலாம்.

இத்தனை சௌகரியம் வாய்ந்த இடத்திலும், காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர், ஜவுளிக் கடைச் சிப்பந்தி, ஆட்டோ ஓட்டுநர், தையல்காரர், செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிக் கூலி பெறுபவர் ஆகியோரின் வீடுகளில், பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மகிழ்ச்சி அடங்குவதற்கு முன்பே ஒரு கலக்கம் வந்து சூழ்ந்துகொள்கிறது என்பதும், அடுத்த சில வாரங்களில் வீட்டிலிருக்கும் பொன் அடகுக் கடைக்கோ வங்கியின் நகைக் கடன் பிரிவுக்கோ சென்று சேர்கிறது என்பதும் ஆராயத்தக்க விஷயங்களாகும். அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலை மாணவர்க்குக் கல்விக் கட்டணம் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. உபகாரச் சம்பளங்கள் பல உள்ளன. வங்கிக் கடனுக்கும் வழி உண்டு. பின் இக்கலக்கம் எதனால்? பட்டப்படிப்புக்கு ஆகும் மொத்தப் பணத்தைக் காட்டிலும், அப்பணம் கேட்கப்படும் காலமே ஏழைக் குடும்பத்தை முறிக்கிறது என்பது என் முடிபு. அக்குடும்பத்தின் வருமானம் நாள்தோறும், அல்லது சனிக்கிழமைதோறும் சிறிது சிறிதாக வருகிறது. கலாசாலையோ ஜூன் மாதத்தில், ஒரே நாளில், மொத்தமாகக் கேட்கிறது. சர்க்காரின் உதவியோ கலாசாலை திறந்து மாதங்கள் பல சென்ற பின்னரே பெரும்பாலும் கைக்கு வருகிறது.

கட்டணம் என்பது நம் நாட்டின் நவீனக் கல்வியோடு உடன்பிறந்ததாகும். 1854-ல் சார்லஸ் உட் அனுப்பிய கல்விச் சாசனம், தனியார் கல்விச்சாலைகளுக்கு மானியம் தரும் முறையை வகுத்தபோதே, எவ்வளவு சிறிதாயினும் ஒரு கட்டணம் மாணவரிடம் பெறப்பட வேண்டும் என்பதையும் நியதியாக்கியது. இலவசமாகப் பெறும் கல்வியை மக்கள் மதிக்கமாட்டார்கள் என்பது அக்காலத்து ஆட்சியாளரின் கருத்து. திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கு அறுவடைக் காலத்தில் நெல்லாகவும் விசேஷ நாட்களில் காய்கறியாகவும் கொடுத்துப் பழகிய சமூகத்துக்கு, குறித்த தேதியில் குறித்த நாணயத்தைக் கட்டத் தவறினால் பெயர் நீக்கப்படும் என்னும் முறை முற்றிலும் புதிது. விளைச்சலின் காலத்தை அனுசரித்த கொடை மறைந்து, அலுவலகத்தின் காலத்தை அனுசரித்த கட்டணம் அன்று வந்து சேர்ந்தது. இன்றைய ஜூன் மாத நெருக்கடியின் மூலம் அங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நம் காவிரிக் கரையிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1904-ல் கும்பகோணம் அரசுக் கலாசாலையில் சேர்ந்தது உபகாரச் சம்பளத்தை நம்பித்தான். அவர் தந்தை ஜவுளிக் கடையொன்றில் கணக்கெழுதி மாதம் சுமார் 20 ரூபாய் ஈட்டியவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியும், வெளியூர் மாணவர்களை வீட்டில் வைத்து உணவளித்தும் குடும்பத்துக்குத் துணை செய்தவர். கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்த மகன் ஆங்கிலப் பாடத்தில் தவறியதும் உபகாரச் சம்பளம் நின்றது. பருவமொன்றுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் 32 ரூபாய். அதாவது தந்தையின் ஒன்றரை மாதச் சம்பாத்தியம். ஆண்டு முழுவதுக்குமாகப் பகுத்துப் பார்த்தால் அது அக்குடும்பத்தால் அறவே இயலாத தொகை என்று சொல்ல முடியாது; ஆனால் ஒன்றரை மாத வருமானத்தை ஒரே நாளில் எடுத்து வைக்கக்கூடிய வீடு அந்நாளிலும் அரிது, இந்நாளிலும் அரிது. 1905-ல் அந்த இளைஞர் வீட்டை விட்டு விசாகப்பட்டினம் வரை சென்றுவிட்ட வரலாற்றை, ஒரு மேதையின் மனப்போக்காக மட்டும் நாம் வாசிக்கிறோம். கட்டணத் தேதியின் வரலாறாகவும் அதனை வாசிக்க வேண்டும்.

ராமானுஜனுக்கு அரை நூற்றாண்டு பிந்தி, திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை பயின்ற ராமேசுவரத்து மாணவர் அப்துல் கலாம், பின்னர்ச் சென்னை குரோம்பேட்டையில் பொறியியல் பயில இடம் பெற்றபோது, சேர்க்கைக்கு வேண்டியிருந்தது சுமார் ஆயிரம் ரூபாய். தந்தையிடம் அத்தொகை இல்லை. சகோதரி சோகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்நகையை என் சொந்தச் சம்பாத்தியத்திலேயே மீட்பேன் என்று அவர் உறுதி பூண்டதும், அதற்கு ஒரே வழி உபகாரச் சம்பளம் என்று கண்டு உழைத்ததும் அவர் சுயசரிதையில் காணப்படுபவை. இதனைத் தியாகத்தின் கதையாகப் போற்றுவது நியாயமே. ஆயினும் ஆய்வு நோக்கில் கவனிக்க வேண்டியது வேறொன்று: அந்த உபகாரச் சம்பளம் சேர்க்கை நாளுக்கு முன்பே உறுதியாகியிருந்தால், வளையல் கழற்றப்பட வேண்டியிருந்திராது.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது இன்று மிக எளிது. இணையவழி விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயுமே கட்டணம், ஆதிதிராவிட, பழங்குடி மாணவருக்குப் பதிவுக் கட்டணமான 2 ரூபாய் மட்டுமே. அங்கே இடம் கிடைத்துவிட்டால் ஆண்டுச் செலவு, நடுத்தர வீட்டின் பண்டிகைச் செலவைக் காட்டிலும் குறைவாகவே முடியும். ஆனால் இடங்கள் அளவானவை. மதிப்பெண் வரிசைப்படி அவை நிரம்பிவிடுகின்றன. அடுத்த படியில் இருப்பவை அரசு உதவி பெறும் கல்லூரிகள். இவற்றில் ஆசிரியர் சம்பளத்தைச் சர்க்கார் ஏற்பதால் மாணவர் கட்டும் தொகை சிறிது. ஆயின் இங்கேதான் வெளியார் பலரும் அறியாத ஒரு பிரிவினை இருக்கிறது. ஒரே கல்லூரி, ஒரே கட்டடம், ஒரே பட்டம். அதற்குள்ளேயே உதவி பெறும் பிரிவு என்றும் சுயநிதிப் பிரிவு என்றும் இரண்டு வாயில்கள். சுயநிதிப் பிரிவில் ஆசிரியர் ஊதியம் உட்பட அனைத்தும் மாணவர் பணத்திலிருந்தே வர வேண்டியிருப்பதால், அங்கே கட்டணம் பன்மடங்காகிறது. பெரும்பாலும் பிற்பகலில் நடக்கும் அவ்வகுப்புக்குச் செல்லும் மாணவன், காலையில் அதே பெஞ்சில் அமர்ந்து சென்றவனைவிடப் பன்மடங்கு கொடுத்து அதே பாடத்தைக் கற்கிறான். அவ்விருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு பல சமயம் பிளஸ் டூ மதிப்பெண்ணில் சில எண்களே. கணினி அறிவியல், வணிகவியல் போன்ற, வேலை வாய்ப்பை முன்னிட்டு மக்கள் நாடும் பாடங்களில் சுயநிதி இடங்களே மிகுதி என்பதால், எளிய குடும்பம் தன் சக்திக்கு மீறிய வாயிலுக்கே பெரும்பாலும் தள்ளப்படுகிறது.

கட்டணம் தவிர்ந்த செலவுகளை யாரும் ஒழுங்காகக் கணக்கிடுவதில்லை. தேர்வுக் கட்டணம், புத்தகம், ஆய்வகக் குறிப்பேடு, கைப்பேசியின் இணையச் செலவு, கல்லூரி விரும்பும் உடை, இரண்டாம் ஆண்டிலேனும் வேண்டியிருக்கும் மடிக்கணினி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பஸ் செலவில் மட்டும் நம் மாநிலம் பெரும் உபகாரம் செய்திருக்கிறது: அரசுக் கல்லூரி மாணவருக்கு இலவசப் பயண அட்டை உண்டு, 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் எவருக்கும் டிக்கெட் இல்லை. பாலக்கரையிலிருந்து மூன்றாண்டுகள் போய்வரும் ஒரு பெண்ணுக்கு இது சிறு தொகையன்று. இவற்றோடு ‘அரியர்’ என்னும் கொடிய செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி தேர்வுக் கட்டணம்; இரண்டு மூன்றாகச் சேர்ந்துவிட்டால், பணத்துக்கு அஞ்சியே தேர்வெழுதாமல் விட்டு, மூன்றாண்டுச் செலவும் செய்து பட்டம் பெறாது நிற்கும் இளைஞர்கள் உண்டு. கட்டிய பணத்துக்கும் பயனின்றி, கடனும் மிஞ்சி நிற்கும் இந்நிலையே எல்லாவற்றினும் துயரமானது.

உபகாரச் சம்பளங்களைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நன்மையும் குறையும் இங்கே பின்னிக் கிடக்கின்றன. ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவர்க்கு மத்திய சர்க்காரின் பள்ளி மேற்படிப்பு உதவித்தொகை 1944 முதலே இருந்து வருகிறது. சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவரின் கட்டணத்தை ஏற்கும் 92-ஆம் அரசாணையைத் தமிழக அரசு 2012-ல் பிறப்பித்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்று உயர்கல்வி சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. அதற்கு ஒப்பாக ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-ல் இந்தியா முழுவதற்கும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதமாக இருந்தபோது தமிழ்நாட்டில் அது 47 சதவீதமாக இருந்தது என்றால், இத்தகைய உதவிகளின் நெடிய மரபுக்கு அதில் பெரும் பங்கு உண்டென்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் இவ்வுதவிகள் யாவும் சேர்க்கைக்குப் பிற்பட்டவை. சேர்ந்த பிறகே விண்ணப்பம். விண்ணப்பத்துக்கு வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு. சான்று ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்தில் 60 ரூபாயும், வருவாய்த் துறையின் பரிசீலனைக்கு உரிய நாட்களும். தகப்பனார் அன்றாடக் கூலியாயின், மையத்தில் காத்து நிற்கும் ஒவ்வொரு முற்பகலும் அரை நாள் கூலி. கட்டணத்தைச் சர்க்காரே ஏற்கும் மாணவனிடமும், முதலில் நீங்கள் கட்டிவிடுங்கள், பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம் என்று சொல்லும் நிர்வாகங்கள் இல்லாமலில்லை. இவ்வாறு ஜூனில் செலுத்தப்பட்ட தொகை மார்ச்சில் திரும்பி வருமானால், இடைப்பட்ட ஒன்பது மாத வட்டியை யார் தருவது? முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை 2010-ல் வந்தபோது பலர் அகமகிழ்ந்தனர். ஆயின் அது ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்படிப்பில் சேர்வோருக்கு வகுக்கப்பட்டது. பி.ஏ.வும் பி.எஸ்சி.யும் பி.காமும் படிக்கும் பாலக்கரைப் பிள்ளை, தன் வம்சத்திலேயே முதற் பட்டதாரியானாலும், அச்சலுகையின் எல்லைக்கு வெளியேதான் நிற்கிறான். பட்டம் பயில்வோருள் பெருந்தொகையினர் கலை அறிவியல் மாணவர்களாக இருக்க, சலுகைகளில் பெரியவை தொழிற்படிப்பை நோக்கியே அமைந்திருப்பது நியாயமான பங்கீடாகாது.

வங்கிக் கடனும் இவ்வாறே. இந்திய வங்கிகள் சங்கம் 2001-ல் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி நான்கு லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கப்படுவதில்லை. படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓய்வெடுப்பதில்லை. சுயநிதிப் பிரிவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று மூன்றாண்டுகளுக்குக் கடன் பெற்றதாகவும், நூற்றுக்குப் பத்து தனிவட்டி என்றும் வைத்துக் கணக்கிடுவோம். முதலாண்டுத் தொகைக்கு நான்கு வருஷ வட்டி 20,000. இரண்டாவதற்கு மூன்று வருஷ வட்டி 15,000. மூன்றாவதற்கு இரண்டு வருஷ வட்டி 10,000. ஆக, பெற்றது 1,50,000. தவணை தொடங்கும் நாளில் நிற்கும் கடன் 1,95,000. எளிய குடும்பங்களுக்கு இவ்வட்டியை மத்திய சர்க்காரே ஏற்கும் திட்டம் 2009 முதல் உள்ளது. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்டோர் அதற்கு உரியர். ஆனால் அதுவும் தொழிற்படிப்புகளுக்கே. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குறித்த மாதத்தில் தவணை தொடங்கிவிடும் என்பது மற்றொரு நெருக்கடி. ஆஸ்திரேலியா 1989-ல் ஏற்படுத்திய முறையில், பட்டதாரியின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பின்னரே, வரியோடு சேர்த்து, கல்விக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. வருமானம் குறைந்தால் வசூலும் நிற்கிறது. சீரான மாதச் சம்பளம் இல்லாதவர் மிகுந்த நம் நாட்டில் அதனை அப்படியே பெயர்த்து நடுவது கடினம். எனினும் சம்பாதிக்கத் தொடங்கிய பின் கட்டலாம் என்னும் அதன் அடிப்படையை நம் வங்கிகள் ஏற்பதற்குத் தடை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வங்கியின் பரிசீலனை முடியும்வரை கலாசாலை காத்திருப்பதில்லையாதலால், ஜூன் மாதத்து வெற்றிடத்தை நிரப்ப வருபவை மூன்று. முதலாவது நகைக் கடன். இருப்பவற்றுள் இதுவே கேடு குறைந்தது. இரண்டாவது ஏலச்சீட்டு, அவசரத்தில் தள்ளி எடுப்பவர் கணிசமான தொகையைக் கழிவாக இழக்கிறார். மூன்றாவது தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, முன்னதாகவே 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு, நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாட்களில் வசூலித்துவிடும் ஒரு தண்டலை எடுத்துக்கொண்டால், ஆண்டு வட்டியாக அது நூறு சதவீதத்தையும் தாண்டிவிடும். அநியாய வட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழகம் சட்டம் செய்திருக்கிறது; ஆயினும் கட்டணத்தின் கடைசித் தேதியன்று வீடு தேடி வந்து பணம் தருபவரை எதிர்த்து யார் புகார் செய்வார்? நூறு நாட்களும் வீட்டுச் சமையலில் குறைவது பருப்பும் பாலும்தான்.

சம்பாதிக்கக்கூடிய வயதில் மூன்றாண்டுகள் வகுப்பில் அமர்வதும் ஒரு செலவே. பதினெட்டு வயதுப் பையன் மார்க்கெட்டிலோ பட்டறையிலோ கொண்டுவந்திருக்கக்கூடிய கூலியைக் குடும்பம் துறக்கிறது. சில குடும்பங்கள் இதனைப் பகுதிநேர வேலையால் ஈடு செய்கின்றன. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் என்.எஸ்.பி. சாலையிலும் சின்னக்கடை வீதியிலும் ஜவுளி மடித்து வைக்கும் இளைஞருள்ளும், முகூர்த்த நாட்களில் கலியாண மண்டபங்களில் பந்தி பரிமாறுவோருள்ளும் கல்லூரி மாணவர் பலர். காலை வகுப்பு, மாலை வகுப்பு என்று கல்லூரிகள் இரு நேரமாக நடப்பதால் இது சாத்தியமாகிறது. உழைத்துப் படிப்பதில் இழிவொன்றுமில்லை; பெருமையே உண்டு. ஆனால் நள்ளிரவு வரை பந்தியில் நின்றவன் காலை ஆய்வகத்தில் கண் அயர்ந்தால், வருகைப் பதிவில் குறைவு நேர்ந்து, அதற்கும் ஒரு அபராதம் கட்டும்படி நேர்கிறது. உழைக்கும் மாணவனின் கால அட்டவணையை அறிந்து சலுகை காட்டும் கல்லூரி நிர்வாகமே, எத்தனையோ பரிசளிப்பு விழாக்களைக் காட்டிலும் பெரிய தர்மத்தைச் செய்வதாக நான் கருதுவேன்.

பரிகாரங்களில் முதன்மையானது சர்க்கார் செய்ய வேண்டியது. எந்தப் பள்ளியில் எந்த மாணவர் பயில்கிறார், எந்த வகுப்பினர், எவ்வித உதவிக்கு உரியர் என்னும் விவரங்கள் பன்னிரண்டாம் வகுப்பிலேயே கல்வித் துறையின் கையில் இருக்கின்றன. சான்றுகளை அந்த ஆண்டின் இடைப்பகுதியிலேயே பள்ளி வழியாக முடித்துக்கொண்டு, உதவித்தொகையின் முதற் பகுதியைச் சேர்க்கைக்கு முன்னரே மாணவர் கணக்கில் இட்டுவிடுவது இயலாத காரியமன்று. சேராதவரிடம் திரும்பப் பெறும் சிறு இடர் மட்டுமே அதில் உண்டு. அடுத்தது கல்லூரிகள் செய்யக்கூடியது: ஆண்டுக் கட்டணத்தை மாதத் தவணையாகப் பெறுவதும், உதவித்தொகைக்கு உரிய மாணவரிடம் அத்தொகை வரும்வரை கேளாதிருப்பதும். தவணை தரும் கல்லூரிகள் சில இருக்கின்றன. அது கேட்டுப் பெறும் தயவாக இராமல் விவரச் சுவடியிலேயே அச்சிட்ட உரிமையாக வேண்டும்.

குடும்பம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அதைச் சொல்லும்போது, சேமிக்காதது ஏழையின் குற்றம் என்னும் பொருள் தொனிக்கலாகாது. அஞ்சலகத் தொடர் வைப்பின் காலம் ஐந்தாண்டு. பிள்ளை எட்டாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் ஜூன் மாதத்தில் அதனைத் தொடங்கினால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கலாசாலையில் சேரும் ஜூன் மாதத்திலேயே அது முதிர்கிறது. மாதம் 500 ரூபாயாயின் அறுபது மாதத்தில் முதல் மட்டும் 30,000, வட்டி தனி. பெண் குழந்தைக்கு 2015-ல் வந்த செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருக்குமானால், பத்தாம் வகுப்புத் தேறிய பின்னரோ பதினெட்டு வயது நிரம்பிய பின்னரோ, இருப்பில் பாதி வரை உயர்கல்விக்கென எடுக்கலாம் என்பதைப் பல பெற்றோர் அறியார். கலியாணத்துக்கென்று கட்டிய பணம் என்றெண்ணித் தொடாமலே வைத்துவிட்டு, வெளியே வட்டிக்கு வாங்குகிறார்கள்.

எல்லாக் கணக்கையும் கலைத்துவிடும் ஆண்டு ஒன்று வருகிறது. மூத்த பிள்ளை மூன்றாம் ஆண்டில் இருக்கையில் அடுத்த பிள்ளை முதலாண்டில் சேரும் ஆண்டு அது. அந்த ஜூன் மாதத்தில் இரு கட்டணங்கள் ஒன்றாக வருகின்றன. ஒருவர் ஒதுங்க வேண்டுமென்றால், முன்னெல்லாம் ஒதுங்கியது பெண்ணே. இன்று அவள் பெயருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் நேரே வருவது, அந்த வீட்டுப் பேச்சில் அவள் பக்கத்துக்கு ஒரு பலத்தைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அந்த ஆயிரமும் அவள் கலாசாலையில் சேர்ந்து, பெயர் பதிவாகி, நிர்வாகம் விவரத்தை அனுப்பிய பின்னரே வருவது. சேர்வதா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வதா என்று வீட்டில் முடிவாவதோ அதற்கு முன்பே, மே மாதக் கடைசியில்.